வென்ற கணக்கும் நின்ற கணக்கும்

ஒருவர் மறைந்த மறுநாள் எழுதப்படுவது இரங்கல். அவர் மறைந்து ஆண்டுகள் சில கடந்து, புகழ்ந்தோர் குரலும் இகழ்ந்தோர் குரலும் தணிந்த பின் எழுதப்படுவதே மதிப்பீடு. கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் 2018 ஆகஸ்டு 7ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் அகவையில் மறைந்தார். அந்நாளில் அவர் திருவாரூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 1957இல் குளித்தலையில் தொடங்கிய அவருடைய சட்டமன்றப் பயணம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. பதின்மூன்று முறை பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போட்டியிட்ட பேரவைத் தேர்தல் ஒன்றிலும் தோற்கவில்லை. ஐந்து முறை முதலமைச்சர்.

கலைஞர் என்றதும் எவரும் எடுத்துரைப்பது இந்தப் பதின்மூன்றைத்தான். ஆனால் வெற்றியின் எண்ணிக்கை, மக்கள் ஒருவரை எத்தனை முறை அனுப்பினார்கள் என்பதற்குச் சான்று. போன இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்கு அது சான்றாகாது. கலைஞரின் கதை வசனத்தையும் கவிதையையும் மேடைப் பேச்சையும் திறனாய்ந்தோர் பலர். சட்டமன்ற உறுப்பினர் என்ற ஒரு நிலையில் மட்டும் அவரை நிறுத்தி எடை பார்த்தோர் குறைவு. அந்தப் பணியையே இங்கு நாம் மேற்கொள்கிறோம்.

எடை பார்ப்பதற்குத் தராசு வேண்டும். நமது முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற தராசு ஒன்று உண்டு. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களை ஆராய்வதற்கு வகுத்த ‘ஜர்ஹ் - தஅதீல்’ என்னும் முறை அது. குறை சொல்லலும் நிறை சொல்லலும் என்பது அதன் பொருள். ஒரு மனிதரை மொத்தமாக ஏற்பதோ மொத்தமாகத் தள்ளுவதோ அந்த முறையில் இல்லை. ஹிம்ஸ் நகரத்தவரான இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் என்னும் அறிவிப்பாளரைப் பற்றி இமாம் அஹ்மது, இமாம் புகாரி போன்ற பேரறிஞர்கள் கூறிய முடிவு மதரஸா மாணவர்கள் அறிந்ததே. தம் சொந்த மண்ணான ஷாம் நாட்டாரிடமிருந்து அவர் அறிவிப்பவை வலுவானவை; ஹிஜாஸ், இராக் முதலிய பிற நாட்டாரிடமிருந்து அறிவிப்பவை வலுக்குறைந்தவை. மனிதர் ஒருவரே, தீர்ப்பு இரண்டு. எங்கே வலுவுடையவர், எங்கே வலுக்குறைந்தவர் என்று பிரித்துக் காண்பதே நேர்மையான திறனாய்வு. கலைஞரையும் அவ்வாறே பிரித்துக் காண்போம்.

இதற்கு நமது சமுதாயத்தில் ஒரு தடை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. மீலாது நாளுக்கு 1969இல் அரசு விடுமுறை தந்தவர் அவர். கண்ணியத்திற்குரிய காயிதெமில்லத் அவர்கள் பெயரால் சென்னையில் அரசு மகளிர் கல்லூரி 1974இல் எழுந்தது அவர் ஆட்சியில். 2007இல் கல்விக்கும் வேலைக்கும் தனி ஒதுக்கீடு வந்ததும் அவர் ஆட்சியில். ஆகவே அவரைக் குறை சொல்ல நமக்கு நா எழுவதில்லை. மாறாக, அவர் காலத்து வேறு சில நிகழ்ச்சிகளால் மனம் புண்பட்டோர்க்கு நிறை சொல்ல நா எழுவதில்லை. நன்றிக்கடன் வேறு, திறனாய்வு வேறு. கடனைக் கடனாகச் செலுத்துவோம். தராசை அதற்காகச் சாய்க்க வேண்டாம்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியிலிருந்து நோக்கும்போது கலைஞரின் தொடக்க காலம் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. அந்நாளில் இவ்வூரும் குளித்தலையும் ஒரே திருச்சி மாவட்டம். அரியலூர் வழியாகச் செல்லும் அதே இருப்புப் பாதையில்தான் கல்லக்குடி இருக்கிறது. டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலை 15இல் அங்கே தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்து, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார் கலைஞர். 1956 நவம்பர் 23இல் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் இந்த வட்டாரத்தில்தான். இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி அவர்கள் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில திங்களில் வந்த 1957 தேர்தலில் அவ்விபத்து திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடை முழக்கமும் ஆயிற்று. ஆக, போராட்டம், பேரிழப்பு, தேர்தல் மூன்றும் இந்தக் காவிரிக் கரை மாவட்டத்திலேயே அவர் கண் முன் நிகழ்ந்தன.

அந்தத் தேர்தலில் கழகத்தின் சார்பில் பேரவைக்கு வந்தோர் பதினைவர். அவையின் மொத்த இடங்கள் 205. பதினைந்து பேரால் ஒரு சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது. ஒன்றையும் தடுக்கவும் முடியாது. அவர்கள் கையில் இருந்தவை சொல்லும் அவை விதிகளும் மட்டுமே. கேள்வி நேரத்தில் அமைச்சரை விடை கூற வைக்கலாம். அவசரமான ஒன்றைக் கவன ஈர்ப்பாகக் கொண்டுவரலாம். மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் கொடுத்து, அதன் வழியே ஒரு துறையின் குறையை அவைக் குறிப்பில் ஏற்றலாம். இந்தக் கருவிகள் நமது குடும்பங்களில் பலருக்குப் பெயரளவில்கூட அறிமுகமாகாதவை. ஆனால் ஓர் உறுப்பினர் உழைத்தாரா, உறங்கினாரா என்பதை அறிய இவையே அளவுகோல்.

கலைஞரின் கன்னிப் பேச்சு நங்கவரம் உழவர்களைப் பற்றியது. குளித்தலைப் பக்கத்துப் பெரும் பண்ணையொன்றில் பாடுபட்ட உழவர்களின் குறையை அவர் அவையில் எடுத்துரைத்தார். நாட்டுக்குப் பொதுவான கொள்கை முழக்கத்தோடு தொடங்காமல், தம்மை அனுப்பிய தொகுதியின் வரப்பிலிருந்து தொடங்கியது குறிப்பிடத்தக்கது. அரபு அணியியலார் ‘பலாகத்’ என்னும் சொல்வன்மைக்குக் கூறும் இலக்கணம், பேச்சு அப்போதைய நிலைமை வேண்டுவதற்கு ஒத்திருத்தல் என்பது. வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல், அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வைத்தார். மேடையில் கலைஞரின் தமிழ் அடுக்குமொழியும் எதுகையும் மோனையும் நிறைந்து நீண்டு ஓடுவது. அரபு உரைநடையில் ‘ஸஜ்உ’ என்பார்களே, அந்த ஓசை இன்பம் அதில் உண்டு. அவையிலோ அவர் பெயர் பெற்றது சுருக்கமான விடைக்கும் நகைச்சுவைக்கும். இடமறிந்து நடையை மாற்றத் தெரிந்தவர் என்பதே இதன் பொருள். அவையைத் திருமண மேடையாகக் கருதிப் பேசும் உறுப்பினர்கள் பெருகிவிட்ட நிலையில், இந்த ஒரு பாடத்திற்காகவேனும் அவர் படிக்கப்பட வேண்டியவர்.

1962இல் தஞ்சையில் வென்று, எதிர்க்கட்சித் துணைத் தலைவரானார். அப்போது கழகத்தார் ஐம்பதின்மர். 1967இல் ஆட்சி மாறியது. அறிஞர் அண்ணா அவர்களின் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். ஆக, பத்தாண்டுகள் எதிர்வரிசையில் அமர்ந்து விதிகளைக் கற்ற பின்பே அவர் ஆளும் வரிசைக்குச் சென்றார். எதிர்வரிசை என்பது நமது சமுதாயத்துக்கும் புதிதன்று. காயிதெமில்லத் அவர்கள் 1946 முதல் 1952 வரை இதே சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். ஆட்சியில் இல்லாதவன் மக்களுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்கு இவ்விருவர் வாழ்வும் விடை தரும்.

1969 பிப்ரவரியில் முதலமைச்சரான பின் அவர் கொண்டுவந்தவற்றுள் தலையாயவற்றை மட்டும் சுட்டுவோம். நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது 1970இல். குடிசை மாற்று வாரியம் அமைந்ததும் அவ்வாண்டே. சட்டநாதன் குழுவின் அறிக்கைக்குப் பின், 1971இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு நூற்றுக்கு 25லிருந்து 31 ஆகவும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடு 16லிருந்து 18 ஆகவும் உயர்ந்தன. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா 1973இல் ஒழிந்தது. இராஜமன்னார் குழுவின் அறிக்கையைத் தழுவி மாநில சுயாட்சித் தீர்மானம் 1974 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறியது. நெருக்கடி நிலையை எதிர்த்த அவருடைய ஆட்சி 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது.

இந்த நிறைகளுக்கு நடுவே, கை நடுங்காமல் குறிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. 1948 முதல் மாநிலமெங்கும் நடைமுறையில் இருந்த மதுவிலக்கை 1971இல் அவர் அரசு தள்ளி வைத்தது. முதுமையில் இருந்த இராஜாஜி அவர்கள் நேரில் சென்று வேண்டிக்கொண்டும் முடிவு மாறவில்லை. கருவூலத்தின் நெருக்கடி அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 1974இல் அவரே மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் அடைத்திருந்த கதவு ஒரு முறை திறந்த பின் அதன் தாழ்ப்பாள் முன்போல் நிற்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஆட்சி 1981இல் மீண்டும் திறந்தது. 2003இல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் ஏற்றது. 2006இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த கலைஞரும் அதை மூடவில்லை. 2016 தேர்தல் அறிக்கையில்தான் அவர் கட்சி முழு மதுவிலக்கை வாக்குறுதியாக அளித்தது. சட்டம் இயற்றுவோன் தான் தளர்த்திய விதி ஒன்று நாளை எவர் கையில் எவ்வாறு வளரும் என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவன். மூன்று ஆண்டுக் காலத் தளர்வு என்று இதனைக் கடந்து செல்ல நம்மால் இயலவில்லை. இதன் விலையைச் செலுத்தியவை ஏழைக் குடும்பங்கள்.

1977க்குப் பின் மீண்டும் எதிர்வரிசை. அண்ணாநகர் உறுப்பினராக இருந்த அவர், இலங்கைத் தமிழர் துயரத்தை முன்வைத்து 1983இல் பேராசிரியர் க. அன்பழகன் அவர்களுடன் பதவி விலகினார். 1984 தேர்தலில் நிற்கவில்லை, மேலவைக்குச் சென்றார், 1986இல் மேலவையே ஒழிக்கப்பட்டது. பின்னர் 1991இல் துறைமுகம் தொகுதியில் 890 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். கழகத்தின் சார்பில் வென்றோர் இருவர் மட்டுமே. அந்த வெற்றியையும் அவர் ஏற்காமல் விலகினார்.

இவ்விரு விலகல்களையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. முன்னது ஒரு கொள்கைக்காகப் பதவியைத் துறந்தது. பின்னது தோல்விக்குத் தலைவர் ஏற்ற பொறுப்பு எனப்பட்டது. ஆனால் அப்போது அவையில் எதிர்க்குரல் அருகிக் கிடந்தது. 1957இல் பதினைந்து பேரோடு அமர்ந்து பேசத் தெரிந்தவருக்கு 1991இல் இருவராய் அமர்ந்து பேசத் தெரியாதா? மண்ணடியில் வாழும் நமது மக்கள் பலரும் உள்ளிட்ட துறைமுகம் வாக்காளர்கள், அலை முழுதும் எதிராக வீசிய நாளில் அவரைத் தேர்ந்தனுப்பினார்கள். வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தைப் பெற்றவர் அதை உரியவரிடம் திருப்பித் தந்துவிட்டால் நாணயக்காரர் ஆகலாம். ஆனால் அது எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறவில்லை.

இவருடைய சட்டமன்ற வாழ்வு முழுவதையும் ஒரே நாளில் காட்டச் சொன்னால், 1989 மார்ச் 25ஐக் காட்டுவோம்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்கு வந்திருந்த கலைஞர் அன்று நிதிநிலை அறிக்கையைப் படிக்க எழுந்தார். எதிர்வரிசையில் செல்வி ஜெயலலிதா அவர்கள். அவ்வவையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த முதல் பெண்மணி. அறிக்கை தொடங்குமுன்னரே பூசல் மூண்டது. முதலமைச்சர் கையிலிருந்த தாள்கள் பறிக்கப்பட்டன. கைகலப்பு நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கலைந்த தலையோடு வெளியே வந்து, தாம் தாக்கப்பட்டதாகவும் தமது சேலை இழுக்கப்பட்டதாகவும் கூறினார். ஆளுங்கட்சியினர் அதை மறுத்தனர். இரு தரப்புக் கூற்றும் இன்றளவும் உண்டு. எது எவ்வளவு உண்மை என்ற வழக்கை நாம் இங்கே விசாரிக்கவில்லை. ஒன்று மட்டும் ஐயமற்றது. அவை முதல்வர் அவர், பெரும்பான்மை அவருடையது, அவையில் மிக நீண்ட பழக்கமுடையோருள் ஒருவரும் அவரே. தொடங்கியவர் எவராயினும், அந்த அவையின் மானத்தைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு அவருடையது. அது அன்று காக்கப்படவில்லை. அதன் பின் இரு தலைவர்களும் ஒரே அவையில் எதிரெதிரே அமர்ந்து விவாதித்த நாட்கள் அரிதாயின. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு தலைமுறைக் காலம் அதன் விலையைக் கொடுத்தது.

நிற்க. அதே 1989 மார்ச் 25 வேறோர் இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு ஒப்ப மகளுக்கும் பிறப்பால் உரிமை தந்தது. 1990ஆம் ஆண்டின் முதல் சட்டமாக அரசிதழில் ஏறிய அத்திருத்தம் எந்நாள் முதல் செல்லும் என்று வகுக்கப்பட்டதோ, அந்நாள் 1989 மார்ச் 25. செங்கற்பட்டில் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் இயற்றியது. அறுபது ஆண்டுகள் கழித்து அது சட்டமாயிற்று. ஆந்திரம் முந்திக்கொண்டது, கருநாடகமும் மராட்டியமும் 1994இல் பின்தொடர்ந்தன, நடுவண் அரசு 2005இல் நாடு முழுமைக்கும் செய்தது.

அவைக்குள்ளே ஒரு பெண் தலைவரின் மானம் வழக்குப் பொருளான அதே நாள், நாட்டிலுள்ள பெண்மக்கள் சொத்தில் பங்கு பெற்ற நாளாகவும் சட்டத்தில் நிற்கிறது. ஒரே நாளில் குறையும் நிறையும் இவ்வாறு அருகருகே நிற்பதைக் காண்பது அரிது. இதிலும் ஒரு நுண்ணிய குறை உண்டு. அந்நாளுக்கு முன் மணமாகிவிட்ட மகள்களுக்கு அச்சட்டம் உரிமை தரவில்லை. அவர்களுக்கும் கதவு திறந்தது 2005இன் நடுவண் திருத்தமே.

மகளுக்குப் பங்கு என்பது நமது வீடுகளுக்குப் புதுச் செய்தியன்று. திருக்குர்ஆன் அதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விதித்துவிட்டது. எனினும் சீரும் நகையும் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிச் சகோதரிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிலும் இல்லையா? எழுத்தில் இருக்கும் உரிமை கைக்கு வர வேண்டுமானால், சட்டம் இயற்றுவோரின் வேலை முடிந்த இடத்தில் குடும்பத்தாரின் வேலை தொடங்குகிறது.

இனி, தொகுதி என்ற ஒன்றைப் பார்ப்போம். பதின்மூன்று வெற்றிகளைக் கலைஞர் ஏழு தொகுதிகளில் பெற்றார்: குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். கேரளத்தின் கே. எம். மாணி அவர்களும் பதின்மூன்று முறை வென்றவர். ஆனால் எல்லாம் பாலா என்ற ஒரே தொகுதியில். உம்மன் சாண்டி அவர்கள் 1970 முதல் 2023இல் மறையும் வரை புதுப்பள்ளி ஒன்றுக்கே உறுப்பினர். அவ்விருவரும் தம் ஊரின் முகமாக இருந்தார்கள். கலைஞரோ எந்த ஊரின் முகமும் ஆகாமல் ஒரு கட்சியின் முகமாக இருந்தார். மாநிலம் முழுதும் பொறுப்புடைய தலைவருக்கு அது தவிர்க்க முடியாதது எனலாம். ஆயினும் நங்கவரம் உழவனுக்காக எழுந்த அந்த முதற்குரலின் அண்மை, பின்னாளில் தொகுதிகள் மாற மாறக் குறைந்தது என்பது நமது கருத்து.

அடுத்து, நின்றவை எவை, நில்லாதவை எவை என்று காண்போம். கல்லங்குறிச்சியார் இதற்கு அயலூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. அரியலூர் 2001இன் முதல் நாளில் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி மாறியது, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. ஆட்சி மறுபடி மாறியது. 2007 நவம்பர் 23இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் அலையும் எளிய மனிதர், தமது ஆட்சியர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை ஏழாண்டுகளில் மூன்று முறை மாற்றிக் கற்க வேண்டியதாயிற்று. சென்னையில் ஓமந்தூரார் வளாகத்தில் பேரவைக்கென்று அவர் எழுப்பிய புதிய மாளிகை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. மறு ஆண்டே ஆட்சி மாற, பேரவை பழைய கோட்டைக்குத் திரும்பியது; மாளிகை 2014இல் மருத்துவமனையாயிற்று. ஆணையால் எழுந்தது ஆணையால் சாயும். கல்லால் எழுந்ததுகூடப் பயன் மாறும். மாறாக, 1971இல் உயர்ந்த ஒதுக்கீட்டைப் பின் வந்த எந்த அரசும் குறைக்கவில்லை. 1989இன் பெண் சொத்துரிமையை எவரும் திரும்பப் பெறவில்லை. நாடே அவ்வழி வந்தது. அருந்ததியருக்கு 2009இல் தந்த மூன்று விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. அதை இயற்றியவர் அப்போது உயிருடன் இல்லை. இந்த நின்ற கணக்கே ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உண்மையான தன்வரலாறு. ‘நெஞ்சுக்கு நீதி’ ஆறு பாகங்களில் அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியது. அரசிதழ் எழுதியதையும் அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நமது சமுதாயத்தைத் தொட்ட இரண்டையும் இதே முறையில் எடுத்துக்கொள்வோம். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் பதினெண்மர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14இல் அதே நகரில் வெடித்த குண்டுகளுக்கு ஐம்பத்தெட்டு உயிர்கள் பலியாயின. இரண்டும் கொடுமைகள், மாண்டோர் அனைவரும் ஒருவருடைய மகனோ மகளோ ஆவர். முன்னதைத் தடுக்கவும் பின்னதைக் காக்கவும் தவறிய காலத்தில் முதலமைச்சராக இருந்தவர் கலைஞர். அடுத்த ஆண்டே, 1999இல், அவர் கட்சி பாரதீய ஜனதா தலைமையிலான கூட்டணியில் சேர்ந்து 2003 இறுதி வரை அங்கிருந்தது. அரசியல் தேவை என்று அதற்கு விளக்கம் கூறப்பட்டது. விளக்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் கணக்கேட்டில் அது குறைப் பக்கத்தில்தான் எழுதப்பட வேண்டும்.

நிறைப் பக்கத்தில் 2007. அப்போது அவர் கட்சிக்கு அவையில் 96 இடங்களே. தோழமைக் கட்சிகளின் ஆதரவில் நடந்த ஆட்சி. நீதிபதி ஜனார்த்தனம் அவர்களின் ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்று, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனியே நூற்றுக்கு மூன்றரை என்று முதலில் அவசரச் சட்டமும் பின்னர்ச் சட்டமும் வந்தன. இதனால் தமக்கு இழப்பே என்று கிறிஸ்தவப் பெருமக்கள் கருதியதால் 2008இல் அவர்கள் பங்கு திரும்பப் பெறப்பட்டது. நமது பங்கு நிலைத்தது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைமார், தக்னி முஸ்லிம்கள், மாப்பிள்ளைமார், அன்சார், துதேகுலா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதன் கீழ் வருகின்றனர். நூற்றுக்கு மூன்றரை என்றால் இருநூறு இடங்களுக்கு ஏழு. சிறு எண்ணிக்கைதான். ஆனால் முன்பு பெரும் பட்டியலில் கலந்து கரைந்து போன இடம், இப்போது எண்ணிப் பார்க்கத்தக்க இடமாயிற்று. எவரும் பறித்துக்கொள்ளாமல் அது சட்டத்தில் நிற்கிறது. அந்த ஏழில் ஒவ்வொன்றும் நிரம்பியதா என்று கேட்கும் பொறுப்பு நமது ஜமாஅத்துகளுக்கும் பெற்றோருக்கும் உரியது. வட்டாட்சியர் அலுவலகத்தில் உரிய சான்று பெறாமலும், விண்ணப்பத்தின் கடைசி நாளை அறியாமலும் நமது பிள்ளைகள் இழப்பதற்குக் கலைஞரோ வேறெவரோ பொறுப்பாக மாட்டார்.

2011க்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்த அவர், அதற்கேற்ற இருக்கை வசதி அவையில் இல்லை என்ற குறையோடு, வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுத் திரும்பிய நாட்களே மிகுதி. 2016இல் திருவாரூரில் அறுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அது அவ்வாண்டின் மிகப் பெரிய வெற்றி. ஆனால் அவை அந்தக் குரலை அதன் பின் கேட்கவில்லை. முதிய உறுப்பினர் ஒருவருக்கு இருக்கை அமைத்துத் தராத அவையின் குறையும் இதில் உண்டு. பேச இயலாத நிலையிலும் இடத்தை இளையவர் ஒருவருக்கு விட்டுத்தராத கட்சி வழக்கத்தின் குறையும் உண்டு.

ஆகவே நமது தீர்ப்பு இதுதான். சமூக நீதிச் சட்டங்களிலும், எதிர்வரிசைப் பேச்சிலும், மாநில உரிமையிலும் கலைஞர் வலுவானவர்; அதுவே அவருடைய ஷாம் நாடு. மதுவிலக்கிலும், அவையின் மாண்பைக் காப்பதிலும், அதிகாரத்துக்கான உறவுகளிலும் அவர் வலுக்குறைந்தவர். முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதைத் தள்ளுவது நன்றிகேடன்று. பின்னதைக் காட்டி முன்னதை மறுப்பது நீதியன்று.

இத்தராசு ஒருவருக்காக மட்டும் செய்யப்பட்டதுமன்று. தேர்தல் வரும்போதெல்லாம் நமது இல்லங்களின் வாயிலில் வேட்பாளர்கள் வந்து நிற்பார்கள். பள்ளிவாசலுக்கு என்ன கொடுத்தீர், கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கட்டினீரா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம். ஐந்தாண்டுகளில் அவையில் எத்தனை கேள்வி கேட்டீர், எந்த மசோதாவின் மீது பேசினீர், எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோண்டிய பள்ளங்களையும் ஓடும் லாரிகளையும் பற்றி அவைக் குறிப்பில் ஒரு வரியாவது ஏற்றினீரா என்று கேட்கப் பழகுவோம். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். விடை தெரியாத வேட்பாளர் அடுத்த முறை விடையோடு வருவார்.